மேசைக்கு வயசு பதினொண்ணு

நேத்து ராத்திரி நீ அனுப்பின போட்டோவைப் பேத்தி செல்லைப் பிடுங்கிப் பெருசாக்கிப் பாத்தேன் மாப்ளே. நல்ல மேசை. கணக்குப்பிள்ளை மேசை, சாய்வுப் பலகை, பித்தளைக் கொண்டி, உள்ளுக்குள்ள ஒரு ரகசிய அறை. ‘150 வருஷத்துப் பழசு மாமா, பர்மாத் தேக்கு, ஒரு செட்டியார் ரங்கூன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது’ன்னு கீழ எழுதியிருந்தே. படிச்சதும் உடம்பு சிலிர்த்துப்போச்சு. ஏன்னா, அந்த மேசைக்குப் பிரசவம் பாத்தவனே நான்தான். உன் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சே, அந்த வருஷம் ஆனி மாசத்துல செஞ்சேன். அதுக்கு வயசு பதினொண்ணு. பஸ்ஸுல இன்னும் அரை டிக்கெட்டுதான்.

கோவிச்சுக்காதே. மரம் பழசுதான், அதுல பொய் கிடையாது. மூடிப்போன அரிசி மில்லுக் கதவு மேல்பலகைக்கு, இடிச்ச வீட்டு மச்சுப் பலகை பக்கவாட்டுக்கு. ரகசிய அறை வெச்சது எதுக்குன்னா, அது இல்லாட்டி வாங்குறவுகளுக்கு மனசு ஆறாது. ஒளிச்சு வைக்க ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் கிடையாது, இருந்தாலும் வேணும். ஓரத்துல ஒரு மசிக்கறை இருக்குமே, ‘எந்தக் கணக்குப்பிள்ளை கை தட்டி ஊத்தினாரோ’ன்னு உருகியிருந்தியே, அது பெட்டிக்கடையில வாங்கின இங்க்கு. நான் ஊத்தினதுகூட இல்ல. பட்டறையில எடுபிடிக்கு நின்ன பய தட்டிவிட்டான். தொடைக்கப் போனா, வாங்க வந்த ஏவாரி என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘ஆசாரி, அதைத் தொடாதீக, அது ரெண்டாயிரம் ரூபா’ன்னாரு.

பழைய பலகையில செஞ்ச புது மேசைன்னு சொல்லித்தான் நான் குடுத்தேன். அதுக்கப்பறம் அது வளந்த வளர்த்தி எனக்கே தெரியாது. காரைக்குடி தாண்டயில அம்பது, திருச்சியில எழுபத்தஞ்சு, தாம்பரத்துல எறங்கும்போது நூத்தம்பது. நம்ம புள்ளைக எல்லாம் இந்த வேகத்துல வளந்தா பள்ளிக்கூடச் செலவே மிச்சம்.

சரி, அதுல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டப்போறேன்னு சொன்னியாமே? உன் ஆத்தா சொன்னா. எப்படித் தட்டுவே? அது சம்மணம் போட்டுத் தரையில உக்கார்ற ஆளுக்கான மேசை. நாற்காலியைப் போட்டா முட்டி இடிக்கும், தரையில உக்காந்தா உனக்கு எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். சாய்வுப் பலகை வேற, கம்ப்யூட்டர் வழுக்கி மடியில விழும். கணக்குப்பிள்ளை பேரேட்டை அப்படி வெச்சுத்தான் எழுதுவாரு, கண்ணும் கழுத்தும் நோகாம இருக்கட்டும்னு பலகையைச் சாச்சு வெச்சான் பழைய ஆசாரி. எதுக்குச் செஞ்சதுன்னு கேக்காமப் பழசு வாங்குறது, வயசை மட்டும் கேட்டுட்டுப் பொண்ணைக் கட்டுற மாதிரி.

அடுத்தவாட்டி எங்கிட்ட கேட்டுட்டு வாங்கு. இல்ல, கேக்க வெக்கமா இருந்தா இதை மட்டும் செய்யி. சாமானைக் கவுத்துப் போடு. கடைக்காரர் மொகம் மாறும், மாறட்டும். முன்னால பாலீசு போட்டு மினுக்கலாம். அடிவயித்துக்கு யாரும் பவுடர் போடுறதில்ல. அந்தக் காலத்து ஆசாரி கண்ணுல படாத எடத்துல இழைப்புளி ஓட்டவே மாட்டான். கூலி குடுக்குறவர் குனிஞ்சு பாக்கவா போறாருன்னு ரம்பத் தடத்தோட விட்டுருவான். அந்தத் தடம் நேர்கோடா, ஒண்ணுக்கொண்ணு முன்னப் பின்ன இருந்தா ரெண்டு ஆளு மேலயும் கீழயுமா நின்னு இழுத்த கை ரம்பம். பிறை பிறையா வளைஞ்சு இருந்தா வட்ட ரம்ப மிஷினு. தலையில கூட்டல் குறி போட்ட திருகாணி இருந்தா, அது உலகத்துக்கு வந்ததே 1930கள்லதான். ரிப்பேருக்குப் போட்டிருக்கலாம், இல்லேங்கல. ஆனா எல்லா மூலையிலயும் அதுவே இருந்தா அது ரிப்பேர் இல்ல மாப்ளே, பொறப்பு.

இழுப்பறையை வெளிய உருவு. முன்பலகையும் பக்கப்பலகையும் சேர்ற மூலையில விசிறி மாதிரி விரிஞ்ச பல்லு ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும். எல்லாப் பல்லும் ஒரே அளவா, பல்செட்டு மாதிரி இருந்தா மிஷினு. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா, நம்ம அம்மாச்சி வாய் மாதிரி இருந்தா உளியும் கொட்டாப்புளியும்.

புழு ஓட்டை பாத்து ஏமாறாதவனே கிடையாது. ‘உளுத்திருக்கு, அப்போ பழசு’ன்னு நெனைச்சுக்கிருவீக. வண்டு துளைக்கிறது மரத்துக்குள்ள கோணல்மாணலா. வெளிய தெரியிறது வெறும் வாசல்தான், குண்டூசித் தலையாட்டம். துளைக்குள்ள ஊசியை விட்டுப் பாரு. சர்ருனு நேரா எறங்குச்சுன்னா அது ட்ரில்லு போட்ட புழு. இன்னொண்ணு சொல்றேன், இதை எந்த ஏவாரியும் சொல்லமாட்டாரு. உன் மேசையோட எடது காலைப் பாரு. வாய்க்கால் வெட்டின மாதிரி ஒரு தடம் நீளத்துக்கு ஓடும். உசுரோட இருக்கிற வண்டு வெளிப்பக்கமா வாய்க்கால் வெட்டாது, உள்ளுக்குள்ளதான் பாதை போடும். வாய்க்கால் வெளிய தெரிஞ்சா, வண்டு குடியிருந்து காலிபண்ணிப் போன பொறவு எவனோ அந்த மரத்தை அறுத்து இழைச்சிருக்கான்னு அர்த்தம். அந்த எவன் நான்தான். அதோட, தேக்கு வைரத்தை வண்டு தொடாது. கால் மாமரம். பர்மா மாமரமான்னு கேக்காதே, ஊருக்கு மேக்கால இருந்த தோப்பு.

வட்ட மேசை வாங்கப் போனீன்னா மடியில ஒரு நூல்கண்டு வெச்சுக்க. மரம் நார் ஓடுற தெசையில நீளம் கொறையாது, குறுக்கதான் சுருங்கும். நூறு வருஷம் வெயிலும் மழையும் பாத்த வட்டப் பலகை வட்டமா இருக்காது, லேசாக் கோழிமுட்டையாப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நூலைப் பிடிச்சு நார் வாக்குல ஒருதரம், குறுக்க ஒருதரம் அள. கால் அங்குலமாவது தட்டும். ரெண்டும் நூல் பிசகாம ஒத்துப்போச்சுன்னா, ‘வட்டம் ரொம்பச் சரியா இருக்குங்க, அதான் யோசிக்கிறேன்’னு சொல்லிட்டு வெளிய வந்துரு. அவருக்கும் புரியும்.

அப்பறம் ஒட்டுக் கல்யாணம். மேல் அலமாரி தேவகோட்டை, கீழ்ப்பெட்டி பள்ளத்தூர். ரெண்டும் தனித்தனியா அறுதலியா நின்னுச்சுக, ஏவாரி சேத்து வெச்சிட்டாரு. பின்பலகையைப் பாத்தா ஜாதகம் தெரிஞ்சுபோகும். மேல நெறம் ஒண்ணு, கீழ நெறம் ஒண்ணு, மரமே வேற வேறயா இருக்கும். தப்புன்னு சொல்லல, அம்பது வருஷமாச் சேந்து வாழுற ஒட்டுச் சாமானும் நான் பாத்திருக்கேன். ஆனா ஒரு வீட்டுப் புள்ளைகன்னு சொல்லி ஒரு வீட்டு விலை கேட்டா, குடுக்காதே.

திருகாணின்னாலே போலின்னு நெனைச்சுறாதே. ஆவியில வளைச்ச நாற்காலி ஒண்ணு உண்டு, முதுகும் பின்னங்காலும் ஒரே கம்பு, பிரம்பு பின்னின வட்ட ஆசனம். நம்ம பக்கத்து முகப்புத் திண்ணையிலயும் ஒண்ணு ரெண்டு கிடக்கும். வியன்னாவுல தோனெட்டுங்கிறவன் 1859ல போட்ட 14ஆம் நம்பர் நாற்காலி அதோட தாயி. மொத்தமே ஆறு துண்டு, பத்துத் திருகாணி, ரெண்டு நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள்ள முப்பத்தாறு நாற்காலியைக் கழட்டி அடுக்கிக் கப்பல்ல ஏத்துனான். உன் வீட்டுக்கு அட்டைப்பெட்டியில வந்து, சாவி வெச்சு முடுக்கச்சொன்ன கட்டில் இருக்கே, அதுக்கு அவன்தான் பாட்டன். அந்த நாற்காலி கெடச்சா ஆசனத்துக்கு அடியில தடவிப் பாரு. செஞ்சவன் பேரு முத்திரையாவோ சீட்டாவோ இருக்கும். இல்லாட்டி அவனைப் பாத்துச் செஞ்ச வேற எவனோ.

பேருன்னதும் ஒரு ஆத்தாமை வருது. உன் மேசையில என் பேரு எங்கயும் கிடையாது. நான் ஒரு எழுத்துக் கொத்தியிருந்தா அந்த 150 வருஷம் நடந்திருக்குமா? கையை மறைச்சாத்தான் காலம் கூடும் இந்த ஏவாரத்துல.

இந்தச் சாமானெல்லாம் எப்படி வெளிய வந்துச்சுன்னு கடையில ஒரு கதை சொல்லியிருப்பாக. ஆச்சி அழுதுக்கிட்டே குடுத்தாகன்னு. கதைக்குத் தனி விலை, அது பில்லுல ஏறாது. நெசத்தை நான் சொல்றேன், நானே கடப்பாரை பிடிச்சவன். செட்டியாருக பர்மாவுல கொடுக்கல் வாங்கல் பண்ணி, அங்கருந்து தேக்கு எறக்கி, வீதிக்கு வீதி மாளிகை கட்டுனாக. 1942ல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். அங்க போட்ட முதல் போச்சு, இங்க வீடு நின்னுச்சு. வீட்டுக்குப் பங்காளி பெருகிப்போனாக. நாப்பது பேரு கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு ஓடு மாத்தலாம். நாப்பது பேரையும் ஒண்ணாச் சேக்கக் கல்யாணமும் கருமாதியும்தான் ஆகும், அங்க ஓட்டைப் பத்தி எவன் பேசுவான்? மழை எறங்குச்சு, உத்தரம் உளுத்துச்சு. கடைசியில இடிக்கக் குத்தகை. தூணு ஒரு விலை, கதவு ஒரு விலை, சாமான் எடைக்கு எடை.

ஒரு நிலைக்கதவு கழட்டுனது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நிலைக்கு மேல கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் யானை தண்ணி ஊத்துது. ஒவ்வொரு யானைக்கும் கண்ணு எமை வரைக்கும் செதுக்கியிருக்கான். நாலு ஆளு சேந்தும் அசையல. கீழ்ப்படியைத் தோண்டிப் பாத்தா ஆணி ஒண்ணுகூடக் கிடையாது, துளையும் நாக்குமாப் பூட்டிக் கெடக்கு. பூட்டு எந்தப் பக்கம் தெறக்குதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பகலு ஆச்சு. சாயங்காலம், செதுக்குன அந்த ஆசாரியை ‘யோவ், எந்தப் பக்கமாய்யா’ன்னு சத்தம் போட்டுத் திட்டிட்டே ஒரு தட்டு தட்டுனேன், ‘க்ளக்’குன்னு விட்டுக்குடுத்துச்சு. அன்னைக்குக் கூலி வாங்கக் கை கூசுச்சு. வாங்கிக்கிட்டேன், அது வேற.

அந்த நிலை இப்போ எங்க இருக்கு தெரியுமா? மெட்ராஸ்ல ஒரு வீட்டுல படுக்கப் போட்டு, மேல கண்ணாடி விரிச்சு, சாப்பாட்டு மேசையாக்கிட்டாக. நிலைப்படியில உக்காராதடா, நிக்காதடான்னு நம்மளை முதுகுல போட்டு வளத்தாக. அங்க லட்சுமி மூஞ்சி மேல சாம்பார் கிண்ணம்.

காரைக்குடிக்கு நீயும் போவே, முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையாக் கடை இருக்கு. போ. நல்ல சாமானும் இருக்கு, நல்ல மனுசரும் இருக்காக. ஆனா உன் வீட்டுக்காரியைக் கடைவாசல்லயே நிறுத்திட்டுப் போ. அந்தப் புள்ள ‘ஐயோ, எவ்ளோ அழகு!’ன்னு ஒரு சத்தம் விட்டுச்சுன்னா ஆயிரம் ரூபா ஏறும். எது வேணுமோ அதைப் பாக்காதே. பக்கத்துல கெடக்குற முக்காலியை வெலை கேளு, பல்லாங்குழியைக் கேளு, மரவையைக் கேளு. கெளம்பயில, ‘இது எதுக்குங்க இங்க எடத்தை அடைச்சுக்கிட்டு’ன்னு வேண்டிய சாமானைக் காலால காட்டு.

ஒண்ணு சொல்லட்டா? வருத்தப்படாதே. நீ புது வீடு கட்டயில, என்னைப் பெத்தவ, உன் அம்மாச்சி, அரிசி போட்டு வெச்சிருந்த பூவரசம் பெட்டியை ‘மாமா, இந்தக் கட்டையை யாருக்காச்சும் தள்ளிவிடு, பீரோ வருது’ன்னே. தள்ளிவிட்டேன். எனக்கே தள்ளிவிட்டுக்கிட்டேன். அது இப்பவும் பட்டறையிலதான் இருக்கு, மேல பூனை தூங்குது. நீ அடுத்தவன் பாட்டி பெட்டியைக் காசு குடுத்து வாங்கி வரவேற்பறையில வெச்சு, ‘எங்க பாரம்பரியம்’னு வர்றவுககிட்ட சொல்றியாம்ல. சொல்லு சொல்லு. பூனைக்கு நான் எதுவும் சொல்லிக்கல.

அமெரிக்காவுல இருக்கிற உன் தங்கச்சிக்கு ஏதாச்சும் கட்டி அனுப்பலாம்னு யோசனை இருந்தா, கவனம். 1972ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. நூறு வருஷத்துக்குக் கொறையாத கைவேலைச் சாமானை வெளிநாட்டுக்குத் தனியாள் அனுப்பக்கூடாது. மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி, ஆவணம்னா 75 வருஷமே போதும், பிடிப்பாக. உன் மேசையைத் தாராளமா அனுப்பு. எந்தச் சட்டமும் குறுக்க நிக்காது, நான் வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

இப்போ செடிப் படத்துக்கு வருவோம். செவுரு பூரா பழைய காலத்துச் செடிகொடி அச்சுப்படமா மாட்டணும்னு உன் வீட்டுக்காரிக்கு ஆசையாம். நல்லது. பால்கனியில பிளாஸ்டிக் செடி, துளசித் தொட்டியில துணி கிளிப்பு, செவுத்துல மட்டும் தோட்டம். எருக்கு வாசல்ல மொளைச்சாப் பிடுங்கி எறியிற. அதையே வெள்ளைக்காரன் அச்சடிச்சுக் கீழ லத்தீன்ல பேரு போட்டா, சட்டம் போட்டு வெளக்கு வைக்கிற.

மரவேலைக்காரனுக்கு இது எப்படித் தெரியும்னு நெனைக்காதே. சட்டம் போட வர்றவுக எல்லாம் என் பட்டறைக்குத்தான் வருவாக. ரிட்டயரான தாவரவியல் வாத்தியார் ஒருத்தரு, தாள் ஒண்ணு கொண்டாந்தா ரெண்டு மணிநேரம் பாடம் நடத்துவாரு. கூலியில பாதி பாடத்துல கழிஞ்சுபோகும்.

அவரு சொன்ன மொத விஷயம், ஒரு லென்சு வாங்கிக்க. படத்து மேல வெச்சுப் பாரு. வாசல் கோலத்துக்கு வெச்ச மாதிரி புள்ளி வரிசை வரிசையா இருந்தா அது இந்தக் காலத்து மிஷினு அச்சு, காலண்டர்தான். செம்புத் தகட்டுல கோடு கீறி அச்சடிச்சதுன்னா கோடு ஒவ்வொண்ணும் மசியோட லேசா மேடு கட்டி நிக்கும், வெரல்ல தட்டுப்படும். படத்தைச் சுத்தித் தாள்ல பள்ளமா ஒரு சதுரத் தடம் விழுந்திருக்கும், தகடு அழுத்துன தடம். கல்லச்சுன்னா அந்தத் தடம் இருக்காது. அது இல்லியேன்னு நல்ல கல்லச்சைத் திருப்பிக் குடுத்துறாதே.

ஆனா பாரு, புள்ளி கணக்குலயும் ஒரு பொடி இருக்கு. ரோசாப்பூப் படம்னா ரெதூத்தேங்கிறவரு படம் கொண்டா கொண்டான்னு எல்லாரும் அலையிறாக. பிரெஞ்சு ராணிக்கும், அப்பறம் நெப்போலியன் பொண்டாட்டி ஜோசப்பினுக்கும் பூ வரைஞ்ச மனுசன். ரோசாப் புத்தகம் 1817லேர்ந்து 1824 வரைக்கும் வந்துச்சு. அவரு அச்சே தகட்டுல புள்ளி குத்தித்தான். லென்சுல பாத்தாப் புள்ளி தெரியும், ஆனா மழைத் தூறல் விழுந்த மண்ணு மாதிரி ஏறுக்குமாறா. கோலப்புள்ளின்னா மிஷினு, தூறல்புள்ளின்னா கை. சட்டம் போட என் பட்டறைக்கு வந்த ரெதூத்தே ரோசாவுல இதுவரைக்கும் தூறலே விழல.

தாள் பழுப்பா இருந்தா பழசுன்னு நம்பாதே. டீத்தண்ணியில முக்கிக் காயப்போட்டா எந்தத் தாளுக்கும் நாளைக்கே தாத்தா வயசு. டீ ஊறுனது முன்னும் பின்னும் ஒரே நெறமா, பரோட்டாக்கடை மேசைத்துணி மாதிரி இருக்கும். தானாப் பழுத்த தாள் ஓரத்துல கருத்து, நடுவுல வெளுத்து, அங்கங்க செம்பழுப்புல தேமல் விழுந்திருக்கும். தேமல் கொஞ்சம் இருந்தா எனக்குப் பிடிக்கும். மொகத்துல தேமல் இல்லாத கெழவி உண்டா?

கையில காசு கம்மியா இருந்தா கர்ட்டிஸ் பத்திரிகைத் தாள் தேடு. 1787ல ஆரம்பிச்ச செடிப் பத்திரிகை, இன்னும் ஓடுது. 1948 வரைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் கையாலதான் வண்ணம் பூசுனாக, ஒவ்வொரு தாளுக்கும், உக்காந்து, கூலிக்கு. சின்னத் தாளு, பள்ளிக்கூட நோட்டு அளவு. உங்க வீட்டுப் பெரிய செவுத்துல ஒண்ணை மாட்டுனா ஸ்டாம்பு ஒட்டுன மாதிரி இருக்கும், அதுக்காகப் பெருசாக்கி அடிச்சதை வாங்காதே.

இந்தத் தாளெல்லாம் எங்கருந்து வருதுன்னு யோசிச்சியா? முழுப் புத்தகத்தைப் பிரிச்சுத்தான். வீட்டை இடிச்சு நான் தூணு வித்த மாதிரி, புத்தகத்தை இடிச்சு ஒருத்தன் பூ விக்கிறான். முழு ஆட்டை வித்தா ஒரு விலை, கூறு போட்டு வித்தா ஒண்ணரை விலை. வாத்தியாருக்கு இதைச் சொல்லும்போதே தொண்டை கட்டிக்கும். ஏற்கெனவே பிரிஞ்சு அனாதையாக் கெடக்குற தாளை வாங்குறது பாவமில்ல, ஆனா முழுசா இருக்கிற புத்தகத்தைக் காட்டி ‘எந்தப் பக்கம் வேணும், கிழிச்சுத் தர்றேன்’னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்கன்னு சொல்லுவாரு.

கருப்புக் கோட்டுல அச்சான பழைய தாளுக்கு நேத்து சாயங்காலம் வண்ணம் பூசி விக்கிறதும் உண்டு. மலையாளக் கரையில டச்சுக்காரன் வான் ரீடு, நம்ம ஆளு இட்டி அச்சுதன் வைத்தியரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செடி கேட்டுக் கேட்டுத் தொகுத்தானே, ஹோர்த்துஸ் மலபாரிகஸ், 1678லேர்ந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல 12 பாகம், அதுல படமெல்லாம் செம்புத்தகட்டுக் கருப்புக் கோடுதான். படத்துலயே செடிப் பேரு மலையாள எழுத்துலயும் இருக்கும். அதுல பச்சையும் செவப்புமா வண்ணம் ஜொலிச்சா, பூசுனது யாரு, எப்போன்னு கேளு. வண்ணத்தோட வேணும்னா ராக்ஸ்பர்க் போட்ட சோழமண்டலக் கரைச் செடிகள் புத்தகம், 1795லேர்ந்து 1820 வரைக்கும் லண்டன்ல, 300 படம். அதுக்கு மூலம் வரைஞ்சதும் இங்கத்த ஓவியருகதான். அந்த விலையைக் கேட்டா உன் ப்ளாட்டுக் கடனே சின்னதாத் தெரியும்.

நான் உனக்குச் சொல்லுறது வேற. மெட்ராஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா 1819ல வந்தாரு ராபர்ட் வைட்டுன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு. கோயம்புத்தூர்ல பருத்தி சாகுபடி பாக்கச் சொன்னாக. பருத்தியும் பாத்தாரு, அதைவிட அதிகமாச் செடியைப் பாத்தாரு. 1838லேர்ந்து 1853 வரைக்கும் மெட்ராஸ்லயே கல்லச்சு வெச்சு ஆறு பாகம் போட்டாரு. 2101 படம், பெரும்பாலும் வெறும் கருப்புக் கோடு. அதுல பெரும்பகுதிக்குப் பின்னால நின்னவுக ரெண்டு நம்ம ஊர்ச் சித்திரக்காரருக, ரங்கையா, கோவிந்து. தாளோட அடியில பொடி எழுத்துல பேரு இருக்கும், பக்கத்துல ‘டெல்’னு. உன் கம்ப்யூட்டர் கம்பெனி இல்ல மாப்ளே. லத்தீன்ல ‘வரைஞ்சாரு’ன்னு அர்த்தமாம். ஒரு ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்து பேரையே வெச்சாரு வைட்டு, கோவிந்தூயான்னு. அப்பறம் வந்தவுக அந்தப் பேரை எடுத்துட்டு வேற இனத்துல சேத்துட்டாக. மூலப் படம் நெறைய எடின்பரோ தோட்டத்துல பத்திரமா இருக்கு.

வாத்தியார் இதைச் சொன்ன அன்னைக்கு நான் இழைக்கிறதை நிறுத்திட்டேன். கூலிக்கு வரைஞ்சவன் பேரைத் தாள்லயே போட்டிருக்கான் பாரு. நான் எத்தனை மேசை செஞ்சேன்.

சரி, மாட்டுறதுக்கு வா. சன்னலுக்கு நேர் எதிர்ல மாட்டாதே, வெயில் வண்ணத்தைக் குடிச்சிரும். குளிக்கிற அறைச் செவுத்துக்குப் பின்பக்கம் வேண்டாம், ஈரம் ஏறிப் பூஞ்சை பூக்கும். மாட்டிட்டு மறந்துறாதே, ராமபாணப் பூச்சி சட்டத்துக்குள்ள குடும்பம் நடத்தும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவுல அட்டை மவுண்டு குடு. அந்த அட்டையும் அமிலம் இல்லாததா இருக்கணும், சாதா அட்டை பத்து வருஷத்துல தாளைச் சுத்திப் பழுப்புச் சட்டம் கட்டிரும். செல்லோடேப்பு கிட்டயே போகாதே. லேமினேசன் பண்ணாதே. பண்ணுனா எங்கிட்ட சொல்லாதே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, எல்லாத்தையும் நான் செஞ்சிருக்கேன். வாத்தியார் மொதமொதல்ல கொண்டாந்த தாளு, வைட்டு புத்தகத்துத் தாளுதான், நீலகிரிப் பக்கத்து ஆர்க்கிட் ஒண்ணு. கெழங்கு, வேரு, தண்டு, பூவைப் பிரிச்சுத் தனித்தனியா வரைஞ்சு, முடி மாதிரி கோடு. ‘சட்டம் போட்டு வைங்க ஆசாரி’ன்னு சொல்லிட்டு அவரு ஊருக்குப் போயிட்டாரு. தாளு லேசாச் சுருண்டு நின்னுச்சு. எனக்குச் சுருண்ட மரத்தையே பிடிக்காது, தாளை விடுவேனா? மைதாவைக் காச்சிப் பூச்சி வராம மயில்துத்தம் போட்டு, மூணடுக்கு ப்ளைவுட்டுல பூசி, தாளை விரிச்சு, ஈரத் துணியால நீவி ஒட்டிட்டேன். அம்புட்டு மட்டமா, கண்ணாடி மாதிரி. எனக்கே பெருமை.

ரெண்டு மாசம் கழிச்சு அவரு வந்தப்போ ஓரமெல்லாம் பச்சையும் நீலமுமாப் பூத்திருந்துச்சு, மயில் தோகை மாதிரி. நடுவுல தாளு கருகுன மாதிரி. உரிக்கலாம்னு வெந்நி ஒத்தடம் குடுத்தேன். ஒரு பூ கையோட வந்துருச்சு. வாத்தியார் திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. பட்டறை முக்காலியில உக்காந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்பறம், ‘நீங்களே வெச்சுக்கங்க ஆசாரி’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சாரு. அடுத்த மாசம் இன்னொரு தாளோட வந்தாரு, கூடவே அமிலமில்லாத அட்டையும் கொண்டாந்தாரு. பாடம் அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது.

அது பட்டறையில உளி மாட்டுற பலகைக்குப் பக்கத்துல இன்னும் தொங்குது. பூ போன எடத்துல ப்ளைவுட்டு தெரியும். ஆனா அடியில எடது மூலையில பேரு அப்படியே இருக்கு, கோவிந்து, டெல். ஒரு எழுத்துக்கூட அழியல. காலையில கடையைத் தெறந்ததும் மொத வேலையா அதைத் தொடைப்பேன்.

நீ வந்தாப் பாப்பே. பாத்ததும் என்ன விலைன்னு கேப்பே, எனக்குத் தெரியும். கேக்காதே. அது விக்கிற சாமான் இல்ல. வாத்தியாரே கேட்டாலும் குடுக்கமாட்டேன்.

அவரு கேக்கமாட்டாருங்கிறது வேற விஷயம். நீ எவ்ளோ தருவே?